பாலர் பள்ளிச் செலவை அரசே ஏற்க வேண்டுமா?

நம் மலேசியாவில் வழக்கமாக ஏழு வயதில் முதலாம் ஆண்டு. அதற்கு முன் நான்கிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகள் போவதுதான் பாலர் பள்ளி. எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசே செலவு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் பெற்றோர் விடியுமுன்னே வேலைக்குப் போவார்கள். அந்தக் காலத் தோட்டக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டகை பிள்ளையைப் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். இப்போது பணம் இருப்பவர் தனியார் பாலர் பள்ளிக்கு அனுப்புகிறார். இல்லாதவர் பாட்டியிடம் விடுகிறார். முதலாம் ஆண்டில் ஒரு பிள்ளை கதை சொல்லும், பக்கத்துப் பிள்ளை பென்சில் பிடிக்கவே தடுமாறும். செம்பனை நாற்றை நர்சரியில் ஏறக்குறைய ஒரு வருடம் வளர்த்த பிறகே நிலத்தில் நடுகிறோம், அது போலத்தான் பாலர் பள்ளியும்.

அமெரிக்காவில் 1962இல் தொடங்கிய பெர்ரி ஆய்வு, 123 ஏழைப் பிள்ளைகளை நடுவயது வரை கவனித்தது. பாலர் பள்ளிக்குப் போகாதவர்களைவிடப் போனவர்களில் அதிகம் பேர் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். ஆனால் டென்னசி மாநிலப் பாலர் பள்ளித் திட்டத்தில் பலன் நிலைக்கவில்லை; ஆறாம் வகுப்பில் போகாத பிள்ளைகளே முந்தினார்கள். பள்ளி இருந்தால் மட்டும் போதாது, தரமும் வேண்டும். ஆகவே கட்டடத்தைவிட நல்ல ஆசிரியருக்குப் பணம் போக வேண்டும்.

அப்புறம், பாலர் பள்ளி என்றால் முதலாம் ஆண்டுப் பாடத்தை முன்கூட்டியே திணிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல பாலர் பள்ளியில் விளையாட்டும் பேச்சும்தான் அதிகம்.