போட்ட பணத்துக்காக மேலும் போடலாமா?

வணக்கம். நஷ்டத்தில் ஓடும் புதிய பிரிவுக்கு, "இவ்வளவு போட்டாயிற்றே" என்று மேலாளர் மேலும் முதலீடு கேட்கிறார், எப்படித் தடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். அவரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1976-இல் நிறுவன நடத்தை ஆய்வாளர் பேரி ஸ்டா வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் ஒரு நிறுவனத்தின் நிதி அதிகாரியாக நடித்தார்கள். எந்தப் பிரிவில் பணம் போடுவது என்ற முதல் முடிவைத் தாங்களே எடுத்து அது சரியாகப் போகாதபோதுதான் அவர்கள் அதே பிரிவுக்கு அதிகப் பணம் ஒதுக்கினார்கள். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் சொன்னது இதோடு சேரும்: நிச்சயமான நஷ்டத்தை ஏற்பதைவிட, தப்பிக்க வாய்ப்பிருந்தாலும் அதைவிடப் பெரிய நஷ்டத்தில் முடியக்கூடிய துணிச்சலான முயற்சியையே பெரும்பாலோர் மனம் நாடுகிறது.

அதனால் பழைய செலவைக் கிளறாதீர்கள், தன்மானம் குறுக்கே வரும். "இந்தப் பணம் இன்றுதான் கைக்கு வந்திருந்தால் இதில் போடுவோமா?" என்று கேளுங்கள். மதிப்பீட்டை, தொடக்க முடிவில் பங்கில்லாத ஒருவர் செய்யட்டும். எந்த அளவு நஷ்டம் வந்தால் நிறுத்துவது என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.