நிலக்காட்சி ஓவியத்தின் மனநிலையை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

முகமோ கதையோ இல்லாத நிலக்காட்சி ஓவியம் எப்படி ஒரு மனநிலையை உணர்த்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் தொடுவானம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அது தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் வானமே படத்தை ஆளும், உயர்ந்திருந்தால் நிலம் நம்மை நெருங்கி வந்து நிற்கும்.

ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் 1808-க்கும் 1810-க்கும் இடையில் வரைந்த ‘கடலோரத் துறவி’ இதற்கு மிகத் தெளிவான சான்று. அடியில் வெளிறிய மணல்மேடு, அதற்கு அப்பால் மெல்லிய கரும்பட்டையாகக் கடல், அதன்மேல் வெள்ளைத் தீற்றல்களாக அலைநுரை, மீதி முழுவதும் வானம். இவற்றினிடையே, இடப்புறம் சற்றே ஒதுங்கி நிற்கும் அந்தச் சிறிய உருவம்தான் படத்தில் நிமிர்ந்திருக்கும் ஒரே கோடு. ஃப்ரீட்ரிக் முதலில் கப்பல்களையும் சேர்த்திருந்து, பின்னர் அவற்றை நீக்கிவிட்டார் என்பது ஆய்வில் தெரியவந்தது. கப்பல் இருந்திருந்தால் நம் கண் அதில் சற்று இளைப்பாறியிருக்கும்; இப்போதோ போக்கிடமின்றி அந்த வெறுமையிலேயே அலைகிறது. என் பார்வையில், அவ்வோவியத்தின் தனிமை நிறத்தைவிட இந்த நீக்கத்திலிருந்தே பிறக்கிறது.

நிறமும் முக்கியந்தான், ஆனால் நீலம் என்றால் சோகம், மஞ்சள் என்றால் மகிழ்ச்சி என்று வாய்ப்பாடு போல ஒப்பிப்பதில் பயனில்லை. ஒளி எத்திசையிலிருந்து விழுகிறது, நிழல் எவ்வளவு நீள்கிறது, பாதை இருந்தால் அது நம் கண்ணை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பவற்றையும் சேர்த்தே கவனியுங்கள்.