சிங்கப்பூர்க் காப்புரிமை ஜோகூரில் செல்லுமா?

கேள்வி: உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். தோசை மாவைக் கல்லில் ஒரே கனத்தில் ஊற்றிப் பரப்பும் ஒரு கைக்கருவி செய்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் அது வேலை செய்வதை ஃபேஸ்புக்கில் வீடியோவாகப் போட்டேன். மலேசியாவில், ஜோகூர்ப் பட்டறையில் தயாரித்து, தமிழ்நாட்டிலும் விற்க ஆசை. சிங்கப்பூரில் காப்புரிமை எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. காப்புரிமை (பேட்டன்ட்) அதைக் கொடுத்த நாட்டின் எல்லையோடு நின்றுவிடும். நாளை யாராவது ஜோகூரின் மூவாரில் நகல் செய்து சென்னையில் விற்றால், உங்கள் சிங்கப்பூர்க் காப்புரிமையால் தடுக்க முடியாது. அந்த நகல் சிங்கப்பூருக்குள் வந்தால்தான் அதற்கு வேலை. இங்கே சந்தை சிறியது. பொருள் எங்கே தயாராகிறது, எங்கே விலைபோகிறது என்று பார்த்துப் பணத்தைப் போடுங்கள்.

அதற்காக நேரே மலேசியாவிலோ இந்தியாவிலோ முதலில் விண்ணப்பித்துவிடாதீர்கள். சிங்கப்பூர்வாசி அனுமதி வாங்காமல் வெளிநாட்டில் முதலில் விண்ணப்பித்தால் அது குற்றம்: 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தோசைக் கருவிக்குமா என்பீர்கள். சட்டம் பொருளைப் பார்ப்பதில்லை. சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தில் முதலில் விண்ணப்பியுங்கள். தடை ஏதும் வராமல் இரண்டு மாதம் கடந்தால் வெளியே போகலாம். அந்த முதல் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் விண்ணப்பித்தால் அதே தேதியின் முன்னுரிமை கிடைக்கும், அதாவது அங்கும் அந்தத் தேதியை வைத்தே புதுமையைப் பார்ப்பார்கள்.

இனி அந்த வீடியோ. உண்மையான சிக்கல் அதுதான். கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். நீங்களே வெளியிட்டாலும் புதுமை போய்விடும். கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் சிங்கப்பூர் 12 மாதச் சலுகை தருகிறது, மலேசியாவும் ஓராண்டு தருகிறது. இந்தியாவில் அந்தத் தாராளம் இல்லை. அங்கே கண்காட்சிச் சலுகைகூட அரசு அறிவித்த கண்காட்சிகளுக்குத்தான். ஆனால் ஒரு வழி இருக்கலாம். வீடியோவில் தெரிவது வெளித்தோற்றம் மட்டுமா, மாவின் அளவைக் கட்டுப்படுத்தும் உள்ளமைப்புமா? தொழில் தெரிந்தவர் பார்த்துத் தானே செய்ய முடியாத அளவுக்குத்தான் காட்டியிருந்தால், இந்தியாவிலும் நம்பிக்கை மிச்சம். இப்போது அழித்தாலும் வெளியானது வெளியானதுதான். ஆனால் புதிதாக எதையும் போடாதீர்கள்.

சிங்கப்பூரின் சொந்தக் காப்புரிமைச் சட்டம் 1995 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை பிரிட்டிஷ் காப்புரிமையை இங்கே பதிந்துகொள்வதுதான் வழி. அதன் பிறகும், கண்டுபிடிப்புக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் பரிசோதனை அறிக்கை பாதகமாக வந்தாலும் காப்புரிமை வாங்கிவிட முடிந்தது. 2014 பிப்ரவரியில்தான் அந்தக் கதவு மூடியது. இப்போது தேறினால்தான் கிடைக்கும். அதில் ஒரு லாபமும் உண்டு. ஆசியான் நாடுகளுக்கிடையே உள்ள ஆஸ்பெக் ஏற்பாட்டின்படி இங்குள்ள அறிக்கையைக் காட்டி மலேசியாவில் பரிசோதனையை விரைவுபடுத்தலாம். முடிவு அவர்களுடையதுதான். இந்தியா அதில் இல்லை.

மலேசியாவில் இன்னொன்றையும் கேளுங்கள்: 'யூட்டிலிட்டி இன்னொவேஷன்' என்ற, காப்புரிமை போன்ற இன்னொரு பாதுகாப்பு. சிங்கப்பூரில் இது கிடையாது. புதியதாக, தொழிலுக்குப் பயன்படுவதாக இருந்தால் போதும். காப்புரிமைக்குப் போல 'ஊகிக்க முடியாத முன்னேற்றம்' என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் கருவி போன்ற சின்னச் சின்னச் சாதனங்களுக்கு இதுவே பொருந்தும் என்பது என் எண்ணம்.

காப்புரிமை முகவரிடம் போகும்போது வீடியோவையும் அதைப் போட்ட தேதியையும் கொண்டுபோங்கள். பட்டறைக்காரரிடம் வரைபடத்தைக் கொடுப்பதற்கு முன் ரகசியம் காப்பதாக எழுதி வாங்கிவிடுங்கள், அவர் சொந்தக்காரராகவே இருந்தாலும்.