பழைய கைப்பையும் புதிய வண்ணமும்

அன்புள்ள ஐயா,

பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் 300 ரூபாய்க்குத் தோல் கைப்பை ஒன்றை வாங்கினேன். மூலைகள் வெளுத்தும் கைப்பிடி கறுத்தும் இருந்தன. தேங்காய் எண்ணெய் தடவி மெருகேற்றிய பின், படம் வரையும் அக்ரிலிக் வண்ணத்தைக் கருஞ்சிவப்பில் பூசினேன். இரண்டே வாரத்தில் மடிப்புகளில் உரிகிறது. எந்த நிறுவனத்தின் வண்ணம் நல்லது? கறுப்பு பூசியிருக்கலாமோ? இப்படிச் சரிசெய்து விற்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது என் அம்மாவின் கைப்பை மேசைமேல் இருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நிறம் உங்கள் விருப்பம். எந்த நிறுவனம் என்பதும் பெரிய விஷயமில்லை. தோலுக்கென்றே செய்த, காய்ந்த பின்னும் வளைந்துகொடுக்கும் வண்ணமாக இருந்தால் போதும். ஆனால் தேங்காய் எண்ணெய் தடவினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது. எண்ணெய்ப் பிசுக்கின்மேல் எந்த வண்ணம் நிற்கும்? சாயம் தோலுக்குள் இறங்கும். வண்ணம் இறங்காது, மேலே மெல்லிய படலமாகப் படியும். அந்தப் படலம் பற்றிக்கொள்ள வேண்டுமானால், எண்ணெய் மட்டுமல்ல, தொழிற்சாலையில் கொடுத்த பளபளப்பு மேற்பூச்சும் போயாக வேண்டும். பஞ்சில் அசிட்டோன் என்ற கரைப்பான் திரவத்தைத் தொட்டு மெல்லத் துடையுங்கள். பஞ்சில் பழைய நிறம் ஏறும். பளபளப்பு மங்கி, சாணம் மெழுகிக் காய்ந்த தரைபோலத் தோல் வெளிறித் தெரியும். அதுவரை தூரிகையைத் தொடாதீர்கள். பிறகு நீர்த்த பூச்சாக ஒன்று, அது நன்றாகக் காய்ந்த பின் இன்னொன்று என்று ஏற்ற வேண்டும். அவசரத்தில் ஒரே தடவையாகத் தடித்துப் பூசினால் மடிப்பில் வெடிக்கத்தான் செய்யும். பை ரெக்சின் என்றால் அசிட்டோன் அதைக் கரைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம், இதைவிடப் பெரிய தவறை நான் செய்திருக்கிறேன் என்பதுதான். 1989இல் அம்மா பள்ளிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபோது, அவர் பையைப் புதிதாக்கிக் கொடுக்க எண்ணி, ஜன்னல் கம்பிகளுக்கு அடித்தது போக மிஞ்சியிருந்த கறுப்பு எனாமலைப் பூசினேன். மூன்றாம் நாளே மடிப்பில் பாளம் பாளமாக வெடித்தது. அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல், புடவையில் ஒட்டிய கறுப்புச் செதில்களை நகத்தால் எடுத்துக்கொண்டிருந்தார். சென்னைப் பெரியமேட்டில் தோல் பை தைக்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனேன். பூச்சுப்படாத உள்மடிப்பில் அவர் ஒரு துளி நீரை வைத்தார். நீர் ஊறி, அந்த இடம் இருண்டது. "இது குடிக்கிற தோலு தம்பி. இதுக்குப் போயி ஜன்னல் பெயின்ட் அடிச்சிட்டியே" என்றார்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் அது. கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய வகை. வெளிர்ந்த பழுப்பாக இருக்கும் அந்தத் தோல் வெயிலும் கையும் பட்டுப் பட்டு ஆண்டுக்கணக்கில் நிறம் கூடும். அம்மாவின் கைப்பிடி அப்படித்தான் தேன் நிறமாகி, பிறகு புளியங்கொட்டை நிறமாகியிருந்தது. பெரியவர் இரண்டு நாள் உழைத்து எனாமலை எடுத்தார். அதோடு அந்த நிறமும் போய்விட்டது. தையலுக்கடியில் ஓர் அங்குலம் மட்டும் தப்பியது. உங்கள் கடிதம் வந்தபோது நான் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

உங்கள் பையின் கைப்பிடி கறுத்திருந்தது என்று, அது ஏதோ நோய் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். முகம் தெரியாத ஒரு பெண் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிடித்த பிடி அது. அதன்மேல் இன்னொரு முறை வண்ணம் பூச நீங்கள் நினைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வெளுத்த மூலைகளுக்குப் பூசுங்கள், தேய்ந்த விளிம்புகளுக்குப் பூசுங்கள். கைப்பிடியில் பூசியது தானாக உரிந்தால் உரியட்டும். அசிட்டோனை அங்கே கொண்டுபோகாதீர்கள். உரிந்த இடத்தை நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்: அழுக்கு துணியில் வந்துவிடும், கருமை தோலிலேயே நிற்கும்.

விற்பதானால், வண்ணம் பூசிய பை என்று வாங்குபவரிடம் சொல்லி விற்றுவிடுங்கள்.