வாசலைத் தாண்டினால் கட் ஆகும் வைஃபை கால்

கேள்வி: வீட்டுக்குள் டவர் கிடைக்காது, அதனால் வைஃபை காலிங்தான். பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டினால், எதிர்முனையில் "ஹலோ, கேக்கலையே" என்கிறார்கள். அவர்கள் பேசுவது மட்டும் எனக்குக் கேட்கிறது. சில நொடிகளில் கால் கட். தெருவில் 4ஜி நன்றாகவே இருக்கிறது. ரிப்பீட்டர் (வைஃபை எட்டும் தூரத்தை நீட்டும் கருவி) வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தக் கோளாறை ரிப்பீட்டர் தெருமுனைக்குத் தள்ளி வைக்கும், அவ்வளவுதான்.

ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது மாறுவது என்பதை நெட்வொர்க் தீர்மானிக்கிறது. வைஃபையிலிருந்து 4ஜிக்கு மாறும்போது அந்த முடிவு உங்கள் போனுடையது. போனோ வைஃபையைச் சுலபத்தில் விடாது. "அவர்கள் பேசுவது கேட்கிறது" என்றீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. ரூட்டர் உரக்கப் பேசும், போன் மெல்லப் பேசும். கேட் அருகே ரூட்டரின் குரல் போனை எட்டுகிறது, போனின் பதில் ரூட்டரை எட்டவில்லை. திரையில் தெரியும் வைஃபை கோடுகள் ரூட்டரின் குரலை மட்டுமே அளப்பவை. அதை நம்பிப் போன் தொங்கிக்கொண்டிருக்க, கால் செத்துவிடுகிறது.

உரிய நேரத்தில் மாறிவிட்டால் பேச்சு அறுபடாது. வைஃபை கால், இணையம் வழியாக உங்கள் மொபைல் நிறுவனத்தின் நுழைவாயில் வரை பூட்டிய குழாய் ஒன்றில் போகிறது. 4ஜிக்கு மாறினாலும் அந்தக் காலுக்காகப் போன் வைத்திருக்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) அதேதான். வாட்ஸ்அப் காலில் முகவரியே மாறிவிடும். செயலி புது வழி தேடும் அந்த இடைவெளிதான் "மீண்டும் இணைகிறது" என்று காட்டும் நேரம்.

முதலில் சிம் செட்டிங்கில் வோல்ட்டி (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி, சில போன்களில் "4ஜி காலிங்") ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். அது இல்லாமல் வைஃபை காலுக்கு இறங்க இடமே கிடையாது. நேராக 2ஜிக்குத் தாவ நடைமுறையில் வழி இல்லை.

அடுத்து ரூட்டர். இணைய கேபிள் உள்ளே வரும் இடம் என்பதால் பலர் வீட்டில் அது ஹால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும். பாதி வைஃபை தெருவுக்குத்தான். அதை வீட்டின் நடுவுக்குக் கொண்டுபோங்கள். ரூட்டர் செட்டிங்கில் டிரான்ஸ்மிட் பவர் (ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேச வேண்டும் என்ற அளவு) இருந்தால் ஒரு படி குறையுங்கள். ரேஞ்சைக் குறைக்கச் சொல்கிறேனே என்று யோசிக்காதீர்கள். 4ஜி எட்டிப் பார்க்கும் வராந்தாவிலேயே வைஃபை மங்கினால், போன் அங்கேயே மாறிவிடும்.

வைஃபை காலிங்கில் "மொபைல் நெட்வொர்க் முன்னுரிமை" இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். படுக்கையறையில் சிக்னல் அரைகுறையாக வந்து போகும் வீடு என்றால் மட்டும் வேண்டாம், அங்கே போன் அரைகுறை டவரைப் பிடித்துக்கொண்டு படுத்தும்.

பிறகு யாரையாவது அழைத்து, மெதுவாக நடந்து வெளியே வாருங்கள். மேலே வைஃபை கால் குறி மாறி வோல்ட்டி வரும் இடம் கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் என்றால் பவரை இன்னும் ஒரு படி இறக்குங்கள்.