‘ரன்’ – ஓடுவதும் ஓட்டுவதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சில ஆண்டுகளாக ஆங்கிலச் சிறுகதைகளைத் தமிழில் பெயர்த்துப் பழகி வருகிறேன். ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் ‘ரன்’ என்றும், அது வினைச்சொல்லாக வரும்போது மட்டும் 645 பொருள் தருகிறது என்றும் அண்மையில் படித்தேன். நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, “அத்தனை வேலைக்கும் ஒரே சொல்லை அனுப்புவது வளமா, வறுமையா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னொன்று: ‘ஷி ரேன் தி ஹவுஸ்’ என்ற வரியை முதலில் ‘அவள் வீட்டை ஓட்டினாள்’ என்று எழுதினேன், பிறகு ‘குடும்பத்தை ஓட்டினாள்’ என்று மாற்றினேன். இரண்டும் உறுத்துகின்றன. ஏன்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்த எண் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியிலிருந்து வருவது. 1884இல் முதல் பகுதி வெளிவந்து 1928இல் நிறைவுற்ற அந்த அகராதியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்தது ‘செட்’ என்ற சொல். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதன் வினைவடிவத்துக்கு 430 பொருள்கள். அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள். மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில்தான் ‘ரன்’ முந்திக்கொண்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒரு சொல்லோடு சுமார் ஒன்பது மாதம் செலவிட்டார். 645 என்ற கணக்கு 2011இல் பரவலாகத் தெரியவந்தது.

அந்தக் கணக்கைச் சொல்லின் எடையாகக் கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. ஓர் அகராதி தன் சொல்லை எவ்வளவு நுணுக்கி அரிந்தது என்பதற்கே அது அளவு. இதே சொல்லைக் கையடக்க அகராதி அரைப்பக்கத்தில் முடித்துவிடும். அதனால் அந்த அகராதியை வைத்திருப்பவர் அந்தச் சொல்லைக் குறைவாகப் பயன்படுத்துகிறார் என்று ஆகாது. 1755இல் தனியொருவராக அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், ‘டேக்’ என்ற வினைக்கு 134 பொருள் பிரித்துக் காட்டினார். ‘ரன்’, ‘செட்’, ‘புட்’, ‘கெட்’ போன்ற வினைகள் பிடிக்குள் அடங்காதபடி தளர்ந்து கிடக்கின்றன என்று முன்னுரையில் அவர் அலுத்துக்கொண்டிருக்கிறார். அந்த அலுப்பை மொழிபெயர்ப்பாளர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

சரி, இந்தச் சொற்கள் ஏன் இப்படிப் பெருகின? ‘ரன்’னைப் பொறுத்தவரை, தமிழ் அறிந்தவருக்கு எளிதில் விளங்கும் காரணம் ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கு ஒரு வினையும் ஓடச் செய்வதற்கு வேறொரு வினையும் இருந்தன. அதாவது நம்மிடம் ‘ஓடு’, ‘ஓட்டு’ என்று தன்வினையும் பிறவினையும் தனித்தனியே இருப்பதுபோல. நாளடைவில் ஒலி தேய்ந்து, ஸ்காண்டிநேவியரின் மொழியிலிருந்து வந்த உறவுச் சொல்லும் கலந்து, எல்லாம் ஒரே வடிவத்தில் வந்து நின்றன. ஆகவே, குதிரை ஓடுவதும் குதிரையை ஒருவர் ஓட்டுவதும் இன்று ஆங்கிலேயருக்கு ஒரே சொல். ஜெர்மன் மொழியில் அந்த வேறுபாட்டின் சுவடு இன்னும் அழியவில்லை: ‘ரின்னன்’ என்றால் நீர் ஒழுகுவது, ‘ரென்னன்’ என்றால் ஓடுவது, பின்னது முன்னதன் பிறவினையாகப் பிறந்தது. ஆங்கிலத்தில் ‘சிட்’டும் ‘செட்’டும் இதே உறவுடையவை, இருப்பதும் இருத்துவதும்போல, ஆனால் அங்கே உருவம் பிழைத்துக்கொண்டது. நாம் இரண்டு தலைப்புகளில் பங்கிடும் சுமையை ‘ரன்’ ஒன்றே தாங்குகிறது. 645இல் ஒரு பெரும்பகுதி அப்படிச் சேர்ந்ததே.

நீர் ஒழுகுவது என்ற அந்தப் பழம்பொருளை மறந்துவிடாதீர்கள். மூக்கு ஒழுகுவது, குழாயில் தண்ணீர் கொட்டுவது, துணியில் சாயம் போவது ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இந்த வினை வருவதைக் கண்டு, காலால் ஓடும் மனிதனிலிருந்து எடுத்த உருவகம் இது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் திரவம் ஓடுவதும் இச்சொல்லின் மிகப் பழைய பொருள்களில் ஒன்று. ஆறு ஓடுவதாக நாம் சொல்லும்போது அதற்குக் கால் கற்பிப்பதில்லையே. இயந்திரங்கள் பிந்தி வந்தவை. ஆலையும் ரயிலும் வந்தபோது, இயங்கிக்கொண்டே இருக்கும் எதற்கும் பொருந்தும் சொல்லாக இது தயாராக நின்றது. கணினி நிரலும் பின்னால் வந்து அதிலேயே ஏறிக்கொண்டது.

பொருள் நகரும் விதத்தைக் கிரிக்கெட்டைப்போல அழகாகக் காட்டும் இடம் வேறில்லை. மட்டையாளர்கள் ஒருமுறை எதிர்முனைக்கு ஓடிச் சேர்ந்தால் ஒரு ரன். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் அவர்கள் நின்ற இடத்திலிருந்து அசையாவிட்டாலும் நான்கு. ஓட்டம் போய், அதன் பெயரில் எண்ணிக்கை மட்டும் எஞ்சியிருக்கிறது. ‘நான்கு ஓட்டங்கள்’ என்று எழுதும் தமிழ் நாளேடுகளும் அந்த முரணைச் சேர்த்தே பெயர்த்துவிட்டன, யாருக்கும் உறுத்தவில்லை.

‘செட்’டின் கதையில் வேறொரு சிக்கல். வைப்பதைக் குறிக்கும் வினை பழைய ஆங்கிலச் சொத்து. தொகுதி என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல்லோ, பெருமளவு, பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனின் ‘செக்தா’விலிருந்து வந்தது, கூட்டம், சமயப் பிரிவு என்பது அதன் பொருள். வெவ்வேறு வீட்டில் பிறந்து ஒரே முகத்தோடு திரியும் இரண்டு சொற்களை ஒன்றென்று எண்ணுவதா, இரண்டென்றா? நம் ‘ஓடு’விலும் இதே கேள்வி எழும்: கூரை ஓட்டையும் ‘அவனோடு’ என்னும் உருபையும் ஓடும் வினையோடு சேர்த்து யாரும் எண்ணமாட்டார்கள். பலபொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசும் தொல்காப்பியம், அதனை வினையால் வேறுபடுவது, வேறுபடாதது என்று வகுக்கிறது. மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. மா வீழ்ந்தது என்றால் இரண்டில் எதுவென்று அந்த வினை காட்டித் தராது. பொருளைத் தனிச்சொல்லில் தேடாமல் அதன் அண்டையில் தேடச் சொல்லும் இந்த வழிதான் மொழிபெயர்ப்பாளருக்கும் வழி.

உங்கள் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். வளம், வறுமை இரண்டுமே இங்கே பொருந்தாத அளவுகோல்கள். படம் நூறு நாள் ஓடியது, கடிகாரம் ஓடவில்லை, காலம் ஓடிவிட்டது, அவர் மனத்தில் என்ன ஓடுகிறதோ: இவற்றில் எதிலும் கால் இல்லை. ஒருவர் இதற்கென்றே ஒன்பது மாதம் உட்கார்ந்து ஆக்ஸ்ஃபோர்டு நுணுக்கத்தில் அரிந்தால், நம் சொல்லும் பல பக்கங்களுக்கு நீளும். மொழிகள் வேறுபடுவது எந்த வினையை எங்கே அனுப்புகின்றன என்பதில். அமெரிக்காவில் வேட்பாளர் தேர்தலில் ஓடுகிறார், பிரிட்டனில் நிற்கிறார், நாமும் நிற்கிறோம். ஆங்கிலேயர் கடையை ஓட்டுகிறார். நாம் கடை நடத்துகிறோம், அதாவது நடக்கச் செய்கிறோம்.

உங்கள் வரியின் உறுத்தலும் இங்கிருந்துதான் வருகிறது. ‘வீட்டை ஓட்டினாள்’ என்றால் வீட்டுக்குச் சக்கரம் முளைத்துவிடும். ‘குடும்பத்தை ஓட்டினாள்’ நல்ல தமிழ். ஆனால் அதற்கு வேறு பொருள் உண்டு. மாதக் கடைசியில் கடன் வாங்கி எப்படியோ சமாளிப்பவர் சொல்லும் சொல் அது. நீங்கள் பெயர்க்கும் கதையில் அந்தப் பெண்ணுக்குப் பணமுடை இல்லை, அதிகாரம்தான் இருக்கிறது என்றால், வாசகர் மனத்தில் தவறான வீடு எழும்பிவிடும். ‘வீட்டு நிர்வாகம் அவள் கையில் இருந்தது’ என்று எழுதிப் பாருங்கள். பேச்சுவாக்கில் வரும் கதையானால் ‘அந்த வீட்டில் எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம்’ என்பது இன்னும் பொருந்தலாம். எது சரி என்பதைக் கதையில் அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு பத்திகள் சொல்லும். அவற்றையும் அனுப்பியிருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்