"வேற மேடம் இல்லையா?"

கேள்வி: நான் திருநங்கை. உளவியலில் முதுகலை முடித்து, மதுரையில் ஒரு தனியார் மனநல மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். பரீட்சை பயத்தால் தூங்காத மகளை ஓர் அம்மா மூன்று முறை அழைத்து வந்தார். அந்தப் பெண் தூங்க ஆரம்பித்திருந்தாள். நான்காம் முறை வரவேற்பறையிலேயே, "இவங்க யாருன்னு முதல்லயே சொல்லக் கூடாதா? வேற மேடம் இல்லையா?" என்று சத்தம் போட்டார். மையத்தில் மறுபேச்சில்லாமல் வேறு ஆளிடம் மாற்றிவிட்டார்கள். இனி முதல் நாளே சொல்லிவிடு என்கிறார்கள். சிலர் ஆபரேஷன் பற்றியும் கேட்கிறார்கள். ஆலோசகர் என்றால் இதையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: அன்புத் தோழி, உங்கள் கடிதத்தில் என் மனதில் நின்றது அந்தப் பெண் தூங்க ஆரம்பித்திருந்தாள் என்ற வரி. உங்களை அவமானப்படுத்தியதைச் சொல்லும்போதும் அவளை நினைத்திருக்கிறீர்கள்.

பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் எல்லாமே ஒன்றல்ல. பஸ் ஸ்டாண்டில் தவிர எங்கேயும் ஒரு திருநங்கையைப் பார்த்திராத ஒருவர் உங்கள் எதிரே உட்கார்ந்து, "எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு" என்றால், அதைப் பேசலாம். மனம் விட்டுச் சொல்கிறார், நம் வேலையே அதில்தான் தொடங்குகிறது. ஆபரேஷன் கேள்வி அப்படியல்ல. "அது என் சொந்த விஷயம்ங்க. நீங்க வந்த விஷயத்தைப் பேசுவோம்" என்று ஒரு முறை சொல்லுங்கள். மறுபடியும் கேட்டால் அன்றைய அமர்வை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

முதல் நாளே சொல்வதா? முதல் நாள் சொல்ல வேண்டியது உங்கள் படிப்பு, கட்டணம், பேசுவது வெளியே போகாது என்ற உறுதி. இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். என் சாதியைக் கேட்டிருக்கிறார்கள், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டிருக்கிறார்கள். முதலிலேயே அறிவித்துவிடு என்று எந்த மையமும் என்னிடம் சொன்னதில்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் தன்னை ஆண், பெண் இரண்டிலும் வைத்துக்கொள்ளாதவர். சாரா, மேடமா என்று கேட்டே நேரத்தைக் கழித்தவர்கள் உண்டு. "பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடர்வார். ஆனால் மாலையில் அவர் எவ்வளவு களைத்துப் போவார் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

2021-ல், பாதுகாப்புக் கேட்டு வந்த ஓர் ஒருபாலின இணையரின் வழக்கை (சுஷ்மா வழக்கு) விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒருபாலின உறவுகள் பற்றித் தனக்கே புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் கற்றுக்கொள்ள வந்தார். அந்த அம்மா அதற்காக வரவில்லை, மகளுக்காக வந்தார். அவர் மனதை மாற்றும் பொறுப்பையும் நீங்கள் சுமக்காதீர்கள்.

அதைச் சுமக்க வேண்டியது மையம். வேறு ஆலோசகரைக் கேட்க அந்த அம்மாவுக்கு உரிமை உண்டு, சரி. அப்போதும், "மாற்றித் தருகிறோம். ஆனால் இவர் எங்கள் தகுதியான ஆலோசகர், இப்படிப் பேசக் கூடாது" என்று வரவேற்பறையிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைச் சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் புகார் கேட்க ஓர் அலுவலரை வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் மையத்தில் அவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். நடந்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். அப்புறம், உங்களுக்கு மேற்பார்வை தரும் மூத்த ஆலோசகரிடம் இதைப் பேசாமல் அடுத்த வார வேலையைத் தொடங்காதீர்கள்.

இன்னொன்று. அந்தப் பெண் விடைபெறாமலே போயிருக்கிறாள். புதிய ஆலோசகரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து அவளைப் பற்றிய குறிப்புகளை நீங்களே ஒப்படையுங்கள். அவளுக்கு எது தூக்கம் வரவழைத்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.